செட்டர் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்கிறார்: சின்ன யூனிட்டில் நல்ல ஆளை எப்படித் தக்க வைப்பது?

விஎம்சி_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். கோவை குறிச்சி பக்கம் சின்னதாக ஒரு ஜாப் ஆர்டர் யூனிட் (மற்ற கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுப்பது) வைத்திருக்கிறேன். இரண்டு சிஎன்சி லேத், ஒரு விஎம்சி (எல்லாம் கம்ப்யூட்டர் ப்ரோக்ராமில் ஓடும் மெஷின்), அப்பா காலத்து பழைய லேத் ஒன்று. ஆப்பரேட்டர், ஹெல்பர், செக்கிங், டெலிவரி வண்டி ஓட்டுபவர் என எல்லாம் சேர்த்து 11 பேர். பெரும்பாலும் பம்ப், வால்வு பாகங்கள். அப்பாவிடமிருந்து பொறுப்பு எடுத்து மூன்று வருடம் ஆகிறது, எனக்கு வயது 28.

விஷயம் இதுதான். எங்கள் செட்டர் அண்ணன் (ஒவ்வொரு பாகத்துக்கும் மெஷினில் டூல், அளவு எல்லாம் அமைத்துத் தருபவர்) அப்பா சேர்த்த ஆள், ஆறு வருடமாக இருக்கிறார், அடுத்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்கிறார். ஒரு பெரிய கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்களாம், 4,000 ரூபாய் அதிகம். இப்போது நான் தருவது 26,000, அதில் பேசிக் 13,000, மீதி அலவன்ஸ். அந்த 4,000-ஐ நானே போட்டுத் தருகிறேன் என்றேன், "பார்க்கலாம் தம்பி" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார். அந்த "பார்க்கலாம்" எனக்கு நல்லதாகப் படவில்லை. எங்களைப் போன்ற சின்ன இடத்தில் இந்த மாதிரி ஆட்களை எப்படி நிறுத்தி வைக்கிறீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், யூடியூபில் பார்த்ததை வேண்டாம்.

சும்மா_பார்வையாளர்

ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் வையுங்கள், இரண்டு வருடத்துக்கு விட்டுப் போக மாட்டேன் என்று பாண்ட் எழுதி வாங்குங்கள். எங்கள் ஏரியாவில் பாதிப் பேர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

ஓசூர்க்காரன்

நான் இந்தப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன், அதாவது உங்களிடமிருந்து ஆளைத் தூக்குகிற கட்சி, திட்ட வேண்டாம்.

போகிறேன் என்று சொன்ன பிறகு சம்பளத்தை ஏற்றினால் அந்த ஆள் கொஞ்ச நாள் இருப்பார், ஆனால் "ராஜினாமா காட்டினால்தான் இங்கே காசு ஏறும்" என்று மற்ற 10 பேருக்கும் தெரிந்துபோகும், அடுத்த மாதமே இன்னொருவர் வந்து நிற்பார். அதைவிட முக்கியம், அவர் போவது உண்மையிலேயே அந்த 4,000-க்காகத்தானா என்று பாருங்கள். நேர்முகத்துக்கு வருகிறவர்களிடம் ஏன் பழைய இடத்தை விடுகிறீர்கள் என்று கேட்டால் முதலில் எல்லோரும் சம்பளம் என்றுதான் சொல்வார்கள், டீ சொல்லிக் கொஞ்சம் பேச விட்டால் வேறு வரும். வீட்டுக் கடனுக்கு பேங்கில் சம்பள ஸ்லிப் கேட்டான், முதலாளி தரவில்லை. பிஎஃப் இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் எந்தக் கம்பெனி என்று கேட்டார்கள், பேரைச் சொன்னால் அவர்களுக்குத் தெரியவில்லை. இந்தக் கடைசி விஷயத்தைச் சிரித்துவிட்டுப் போகாதீர்கள், 25-லிருந்து 30 வயதுப் பையன்கள் நிறையப் பேர் இதற்காகவே கேட் போட்ட, ஐடி கார்டு தருகிற கம்பெனிக்கு வருகிறார்கள். சட்டைப்பையில் கம்பெனி பேர் தைத்த யூனிஃபார்ம், போட்டோ ஒட்டிய கார்டு, மாதாமாதம் ஸ்லிப், இது மூன்றையும் பதினோரு பேருக்குத் தர என்ன பெரிய செலவு ஆகிவிடும்?

பேட்லாக்

திருப்பூரிலிருந்து. எங்கள் கதை வேறு, இருந்தாலும் சொல்கிறேன். 30 மெஷின் தையல் யூனிட், பீஸ் ரேட், சனிக்கிழமை சம்பளம். எங்களிடம் டெய்லர் ஒரு வாரம் இருந்தாலே பெரிய விஷயம், பக்கத்துத் தெருவில் பீஸுக்கு 25 பைசா அதிகம் என்றால் திங்கட்கிழமை அங்கே உட்கார்ந்திருப்பார். ஆளைப் பிடித்து வைக்க எல்லோரும் செய்வது அட்வான்ஸ். 20,000, 30,000 என்று கொடுத்துவிட்டு அவன் எங்கே போவான் என்று நினைப்பது. போவான் தம்பி, அடுத்த கம்பெனிக்காரன் அந்த அட்வான்ஸை அடைத்துவிட்டுக் கூட்டிப் போவான், இல்லையென்றால் செல்போனை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவான். கடன் இருக்கிறதே என்று உட்கார்ந்திருப்பவன் தைக்கிற பீஸை நீங்களே செக்கிங்கில் எடுத்துப் பாருங்கள், தையல் எப்படி ஓடியிருக்கிறது என்று தெரியும்.

என்னிடம் நின்றவர்கள் எதனால் நின்றார்கள் என்று பார்த்தால், வேலை இல்லாத வாரத்தில் நான் என்ன செய்தேன் என்பதுதான். துணி டையிங்கிலிருந்து (சாயப் பட்டறை) வராமல் இரண்டு நாள் லைன் நின்றால் பீஸ் ரேட்காரனுக்குச் சம்பளம் பூஜ்யம், அது அவன் தப்பு இல்லை. அந்த நாளுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை போட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். பக்கத்து முதலாளிகள் எல்லாம் நீ ரேட்டைக் கெடுக்கிறாய் என்றார்கள், சரி, கெடுக்கிறேன் என்றேன்.

இன்னொன்று வடமாநிலப் பசங்களுக்காக. பீகார் ஆட்கள் தீபாவளியிலிருந்து ஆறாம் நாள் வருகிற சட் பூஜைக்கு எப்படியும் போவார்கள், யார் தடுத்தாலும் போவார்கள். போவதைப் பற்றிக் கவலைப்படாமல் வருவதைப் பற்றி யோசியுங்கள். ஆலப்புழா தன்பாத் எக்ஸ்பிரஸ் திருப்பூர் வழியாகத்தான் போகிறது, முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது (2024 நவம்பருக்கு முன் 120 நாள் இருந்தது). அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துத் திரும்பி வருகிற டிக்கெட்டை ஆபீஸில் உட்கார்ந்து நாங்களே போட்டுக் கொடுக்கிறோம், காசும் எங்களுடையது. கையில் கன்ஃபார்ம் டிக்கெட் இருப்பவன் திரும்பி வருகிறான், வெயிட்டிங் லிஸ்ட்காரன் சூரத்துக்குப் போய்விடுகிறான்.

மிளகாய்ப்பொடி

ஈரோடு பக்கம் மசாலா, சத்துமாவு யூனிட் நடத்துகிறேன். வறுக்க, அரைக்க, பேக்கிங் என்று ஒன்பது பெண்கள். பேட்லாக் அண்ணா சொன்னதில் பாதி எங்களுக்கும் பொருந்தும்.

நான் ஆரம்பித்தபோது காலை 8-லிருந்து 6 வரை வேலை நேரம், மில்லில் வைப்பது மாதிரி. ஆள் நிற்கவே இல்லை. ஒரு அக்காவிடம் கேட்டேன், ஸ்கூல் வேன் 8.45-க்குத்தான் வருகிறது, பிள்ளையை ஏற்றிவிட்டு வந்தால் நீ அரை நாள் போடுகிறாய் என்றார். 9.30-லிருந்து 5 என்று மாற்றினோம், மதியச் சாப்பாட்டு நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள், உற்பத்தி ஒன்றும் விழவில்லை. அப்புறம் சம்பளத் தேதி. இங்கே பாதிப் பேருக்குக் குழுக் கடன் தவணை மாதத்தின் 5-ஆம் தேதி, நான் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தது 7. ஒவ்வொரு மாதமும் அந்த இரண்டு நாளுக்காக யாரிடமாவது கைமாற்று வாங்கி, வட்டி கட்டி, வசவு கேட்டு... 4-ஆம் தேதிக்கு மாற்றிய பிறகு வேறு எதையும் நான் ஏற்றவில்லை, அந்த வருடம் யாரும் வேலையை விட்டுப் போகவும் இல்லை.

பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் ஆன பிறகு (2021) தூரத்து ஊர்களிலிருந்தும் வருகிறார்கள், அதனால் எங்களுக்கு ஆள் கிடைப்பது சுலபம் ஆனது, அதே பஸ்ஸில் ஏறி அவர்கள் வேறு இடத்துக்குப் போவதும் சுலபம் ஆனது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

தம்பி, உங்கள் செட்டருக்கு வீட்டில் என்ன பிரச்சினை என்று உங்களுக்குத் தெரியுமா? குத்திக்காட்டிக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

சாஃப்ட்ஜா

நான் செட்டர். 14 வருட அனுபவம், மூன்று சின்ன யூனிட் பார்த்துவிட்டு இப்போது பெரிய இடத்தில் இருக்கிறேன். முதலாளிகளாகவே பேசுகிறீர்கள், இந்தப் பக்கமும் ஒன்று இருக்கட்டும்.

சின்ன யூனிட்டில் ஒழுங்காக வேலை செய்தால் கிடைக்கிற பரிசு இன்னும் கொஞ்சம் வேலை. ஆப்பரேட்டர் ஒருத்தன் லீவு போட்டால் அவன் மெஷினையும் நான் ஓட்ட வேண்டும், ஏனென்றால் நான் வந்திருக்கிறேன். ராத்திரி 11 மணிக்கு இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) உடைந்து சைஸ் தள்ளினால் எனக்குத்தான் போன், ஏனென்றால் நான் எடுப்பேன். எடுக்காதவனை யாரும் ஒன்றும் சொல்வதில்லை, அவனுக்கும் அதே தீபாவளி போனஸ், அதே ஸ்வீட் பாக்ஸ். கஸ்டமர் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தால் நான் பக்கத்தில் நிற்க வேண்டும், பீஸ் ரிஜெக்ட் ஆனால் முதலில் என்னைப் பார்ப்பார்கள், ஓகே ஆனால் முதலாளியும் கஸ்டமரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். கடைசியாக நான் விட்ட இடத்தில் முதலாளியின் மச்சான் மேனேஜராக வந்தார், மைக்ரோமீட்டரைப் படிக்கத் தெரியாது, 20 மைக்ரான் டாலரன்ஸ் (அளவில் விடுகிற வித்தியாசம்) என்றால் என்ன என்று என்னிடம் கேட்டுவிட்டு அதே நாள் மதியம் என் செட்டிங் டைம் அதிகம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அடுத்த வாரம் கிளம்பிவிட்டேன். எனக்கு அங்கே கிடைத்ததைவிட 1,000 ரூபாய் குறைவான இடத்துக்குத்தான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பி, மூன்று கேள்வி. உங்கள் யூனிட்டில் அவரைத் தவிர வேறு யாருக்கு செட்டிங் தெரியும்? ராத்திரி போன் யாருக்குப் போகிறது? அவர் கடைசியாக முழு ஞாயிறு வீட்டில் இருந்தது எப்போது?

விஎம்சி_தம்பி

சாஃப்ட்ஜா அண்ணா, பதில்: வேறு யாருக்கும் முழுதாகத் தெரியாது, ஆப்பரேட்டர் பையன் ஒருவன் ஐடிஐ முடித்தவன், ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) போடுவான், ஜா (பீஸைப் பிடிக்கும் தாடை) போரிங் செய்வான், புது ப்ரோக்ராம் என்றால் அண்ணன்தான். ராத்திரி போன் அவருக்குத்தான். ஞாயிறு அநேகமாக அரை நாளாவது வருவார், நானாக வரச் சொன்னதில்லை, திங்கள் டெலிவரி இருந்தால் அவரே வந்துவிடுவார்.

சர்டிபிகேட், பாண்ட் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. இருந்தாலும் சட்டப்படி என்ன என்று யாராவது சொல்லுங்கள், அப்பா அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கணக்கு_நோட்டு

சின்னக் கம்பெனிகளுக்கு பிஎஃப், இஎஸ்ஐ பார்ப்பது என் தொழில். அப்பாவுக்குச் சொல்லுங்கள்: வேலையை விட்டுப் போனவர் வேறெங்கும் அதே வேலை செய்யக் கூடாது என்று எழுதி வாங்கினால் 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவுப்படி அது செல்லாது. பயிற்சிக்காகச் செலவு செய்துவிட்டு, குறிப்பிட்ட காலத்துக்கு முன்னால் போனால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று போடுவது வேறு விஷயம், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் அப்படிப்பட்ட 2 லட்ச ரூபாய் பாண்ட் செல்லும் என்றே சொன்னது. அதை வைத்து "பார்த்தாயா" என்று யாரும் குதிக்க வேண்டாம், அது பெரிய அளவில் தேர்வு வைத்து ஆள் எடுத்த வங்கி, நீங்கள் செட்டருக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள்? அவர்தான் உங்கள் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்திருப்பார். ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பூட்டி வைப்பதற்கு எந்தச் சட்ட ஆதாரமும் இல்லை, போலீஸில் புகார் கொடுத்தால் பதில் சொல்ல முடியாது.

இப்போது யாரும் கவனிக்காத ஒன்று. தம்பி 26,000 தருகிறேன் என்றீர்கள். இஎஸ்ஐக்கு (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) மாதச் சம்பள உச்சவரம்பு 21,000. அதாவது உங்கள் 11 பேரில் மற்ற எல்லோருக்கும் இஎஸ்ஐ இருக்கும் (ஆளிடம் 0.75 சதவீதம், உங்களிடம் 3.25), அலவன்ஸையும் சேர்க்கிற பழைய கணக்கில் அவருக்கு மட்டும் இருந்திருக்காது. சம்பளத்தை 21,000 தாண்டி ஏற்றிய அந்தக் கான்ட்ரிபியூஷன் பீரியட் (சந்தாக் காலம்) முடிந்ததும் அவர் வெளியே வந்திருப்பார். அவருடைய மனைவி, பிள்ளை, அவரை நம்பி இருக்கிற அப்பா அம்மா எல்லோருக்கும் கிடைத்துக்கொண்டிருந்த வைத்தியம் உங்கள் இன்க்ரிமென்ட்டால் போயிருக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும், அதிலும் வர மாட்டார். நல்ல ஆளுக்குத்தான் சம்பளம் ஏறும், ஏறுகிற ஆளுக்குத்தான் ஆஸ்பத்திரி போகும். நான் பார்க்கிற யூனிட்களில் சீனியர் ஆட்கள் கிளம்புவதற்கு இது ஒரு பெரிய காரணம், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

மிளகாய்ப்பொடி

இதற்குத்தான் வீட்டில் என்ன என்று கேட்டேன்.

சும்மா_பார்வையாளர்

சர்டிபிகேட் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். எங்கள் முதலாளி இதைப் படித்தால் நல்லது, என்னுடையது அவர் பீரோவில்தான் இருக்கிறது.

விஎம்சி_தம்பி

இரண்டு நாள் இந்தப் பக்கம் வர முடியவில்லை. நேற்று அண்ணனிடம் உட்கார்ந்து பேசினேன். ஆபீஸில் இல்லை, பேக்கரியில். முதலில் சம்பளம் அது இது என்றார். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறதாம், வாரம் இரண்டு தடவை. கூட்டிப் போவது அவருடைய தம்பி, காசு கொடுப்பது இவர். அந்தப் பெரிய கம்பெனியில் அப்பா அம்மாவையும் சேர்த்து மெடிக்கல் பாலிசி. சம்பள வித்தியாசம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். மற்ற பசங்க எல்லோரும் இஎஸ்ஐ கார்டைக் காட்டி வைத்தியம் பார்க்கிறார்கள், நான்தான் வெளியே நிற்கிறேன் என்றார், கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சாஃப்ட்ஜா அண்ணா சொன்ன ராத்திரி போனையும் கேட்டேன். சிரித்தார். "நீங்க கூப்பிட்டா பரவாயில்லை தம்பி, ஹெல்பர் பையன் கூலன்ட் எங்கே இருக்குன்னு கேக்கறதுக்குக் கூப்பிடறான்" என்றார்.

இப்போது என்ன செய்யலாம்? குரூப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு வருமா? எங்களுக்கு அந்த அளவுக்கு லாபமும் இல்லை, ஜாப் ஆர்டர் ரேட் ஏறவே இல்லை, கரன்ட் பில் ஏறிவிட்டது, பில் போட்டால் பணம் 90 நாள் கழித்து வருகிறது.

கணக்கு_நோட்டு

குரூப் பாலிசியில் பல கம்பெனிகள் ஏற்கெனவே உள்ள நோயையும் முதல் நாளிலிருந்தே சேர்க்கிறார்கள், தனிநபர் பாலிசியைவிட அதில்தான் வசதி, ஏழெட்டுப் பேர் இருந்தாலே தருகிறார்கள். ஆனால் பெற்றோரைச் சேர்த்தால் பிரீமியம் நன்றாக ஏறும், அதுவும் டயாலிசிஸில் இருப்பவர் என்றால் கேட்டுத்தான் சொல்ல முடியும், இரண்டு மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். எழுத்தில் வாங்காமல் அவரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், அது இன்னும் மோசம்.

90 நாள் விஷயத்துக்கு: உத்யம் பதிவு (சின்ன நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா? பில்லில் அந்த எண்ணை அச்சடியுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், கொடுக்கிற வருடம் வரைக்கும் அதை வாங்குபவர் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியில் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இருக்கிறது. சின்ன சப்ளையர் சண்டை போட முடியாது, உண்மைதான், ஆர்டர் போய்விடும். ஆனால் மார்ச் மாதத்தில் வாங்குபவரின் ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார்.

பேட்லாக்

ரேட்டை ஏற்றிக் கேளுங்கள் தம்பி. செட்டர் போய், புது ஆள் வந்து, ஒரு மாதம் ரிஜெக்ஷன் கொடுத்தால் அந்தக் கஸ்டமர் எப்படியும் போவார்.

சாஃப்ட்ஜா

பாலிசி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த ஐடிஐ பையனை இந்த மாதமே செட்டிங்கில் விடுங்கள், ராத்திரி போன் நம்பரை ஒரு வாரம் அவருக்கு, ஒரு வாரம் பையனுக்கு என்று மாற்றுங்கள். போன் எடுக்கிற வாரத்துக்கு ஒரு தொகை போட்டுக் கொடுங்கள். அப்புறம் செட்டிங் ஷீட். ஒவ்வொரு பார்ட்டுக்கும் எந்த டூல், எந்த இன்சர்ட், ஜா எவ்வளவு போரிங், எந்த டைமென்ஷன் எத்தனை பீஸுக்கு ஒரு தடவை தள்ளும், எல்லாம் ஒரே பக்கத்தில். அவர் தலையில் மட்டும் இருக்கிற வரைக்கும் அவராலும் லீவு போட முடியாது. கற்றுக்கொடுத்தால் என் இடம் போய்விடும் என்று சில செட்டர்கள் பயப்படுவார்கள், அந்தப் பயம் நியாயமானது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பையன் செட்டர் ஆனால் நீங்கள் இன்சார்ஜ், சம்பளம் இவ்வளவு என்று. எழுதிக் கொடுங்கள்.

ஓசூர்க்காரன்

எழுதிக் கொடுப்பது இப்போது உங்கள் இஷ்டமும் இல்லை. 2025 நவம்பர் 21-லிருந்து புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, நியமனக் கடிதம் எல்லோருக்கும் தர வேண்டும்.

விஎம்சி_தம்பி

கடைசித் தகவல். கொட்டேஷன் வந்தது, அம்மாவைச் சேர்த்தால் என்னால் தாங்க முடியாத தொகை. அண்ணனிடம் அப்படியே காட்டினேன். அவர் போகிறார். போவதுதான் சரி என்று எனக்கே படுகிறது. இரண்டு மாதம் கூட இருந்து பையனைத் தயார் செய்துவிட்டுப் போகிறேன் என்று அவரே சொன்னார், அந்தக் கம்பெனியும் ஒத்துக்கொண்டது. மற்றவர்களுக்கு பாலிசி இல்லாமல் 21,000 தாண்டவிடக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன், அடுத்து அந்தப் பையன்தான் 19,000-ல் இருக்கிறான்.

ஒரே ஒரு சந்தேகம். அண்ணன் பேரில் அட்வான்ஸ் பாக்கி 40,000 இருக்கிறது. அப்பா கடைசி மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை, விட்டுவிடலாமா?

கணக்கு_நோட்டு

கிராஜுவிட்டி (வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை) என்று ஒன்று இருக்கிறது தம்பி. 10 பேருக்கு மேல் இருக்கிற யூனிட், ஆறு வருடம் முடித்த ஆள். பேசிக் 13,000, அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 7,500, ஆறு வருடத்துக்கு 45,000. பேசிக் மொத்தச் சம்பளத்தில் சரியாகப் பாதி இருப்பதால் புதிய சட்டத் தொகுப்புகளின் கணக்கிலும் இதேதான் வரும். முதலில் அவர் போகும் தேதியில் முழு வருடம் எத்தனை என்று பாருங்கள், ஆறு மாதத்துக்கு மேல் உதிரியாக இருந்தால் அதுவும் ஒரு வருடமாகிவிடும். கிராஜுவிட்டியில் அட்வான்ஸைக் கழிக்கச் சட்டம் விடாது, அது தனியாக முழுசாக 30 நாளுக்குள் அவர் கணக்குக்குப் போக வேண்டும். அட்வான்ஸை அவர் எப்படித் திருப்பித் தருகிறார் என்று அவரையே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்பாவிடம் யார் யாருக்குத் தர வேண்டும் என்று பேப்பரில் போட்டுக் காட்டுங்கள்.

விஎம்சி_தம்பி

போட்டுக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துத் துடைத்துவிட்டு, அவருக்கு முந்தி போன இரண்டு பேருக்குக் கொடுத்தோமா என்று கேட்கிறார்.

கணக்கு_நோட்டு

அவர்கள் சேர்ந்த தேதி, நின்ற தேதி, கடைசி பேசிக் மூன்றையும் தனி மெசேஜில் அனுப்புங்கள்.